இன்னும் என்ன அகதி?

"சண்டை முடிஞ்சு எத்தனை வருஷம்? பாதை திறந்தாச்சு, ஊரும் திறந்தாச்சு. இன்னும் என்ன அகதி?" புத்தளத்தில் பஸ்ஸுக்குள்ளும் தேநீர்க் கடையிலும் பிரதேச செயலக வரிசையிலும் இந்தக் கேள்வி சர்வ சாதாரணம். கேட்கிறவர் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து இறங்கிய முஸ்லிம்களுக்காகத் தன் வீட்டு அரிசியை உலையில் போட்டவரின் மகனாகவும் அவர் இருக்கலாம்.

கொழும்பு அதிகாரி இதையே கோப்பு பாஷையில் சொல்வார்: மீள்குடியேற்றமே நிலையான தீர்வு. வடக்கின் தமிழ் அரசியல்வாதிக்கு ஒரு வரி போதும்: வரலாமே, யார் தடுத்தது? வில்பத்துக் காட்டுக்காக எழுதும் தெற்குப் பத்திரிகையாளர் மட்டும் கேள்வியைத் திருப்பிப் போடுவார்: புத்தளத்தில் வீடு வாசல் இருக்கும்போது காட்டை வெட்டிக்கொண்டு ஏன் போகிறார்கள்? ஒருவர் போ என்கிறார், இன்னொருவர் வராதே என்கிறார். ஆனால் புத்தளத்தில் இவர்களுக்கு இனி எதுவும் செய்யத் தேவையில்லை என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. உதவினால் ஒட்டிக்கொள்வார்கள், நிறுத்தினால் ஊர்போய்ச் சேர்வார்கள் என்பது இவர்களின் கணக்கு.

இந்தக் கணக்கு பிழை. ஒரு சனத்தை முப்பத்தைந்து ஆண்டுகளாக நிலையில்லாமல் வைத்திருந்த பழி ஊரார் செய்த உதவியைச் சேராது. அந்த உதவி என்றைக்கும் தற்காலிகமாகவே இருக்க வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் பிடித்த பிடிவாதத்தையே சேரும்.

இதைப் பேச எலுவன்குளம் தோதான இடம். புத்தளம் நகரிலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு தாண்டி வந்தால் வருகிற ஊர். அதற்கு அப்பால் கலா ஓயா, ஓயாவின்மேல் சப்பாத்துப் பாலம், பிறகு வில்பத்து. பள்ளக்கண்டல் அந்தோனியார் திருவிழாவுக்குப் போகும் யாத்திரிகர்கள் இந்த வழியால்தான் காட்டுக்குள் நுழைவார்கள். காட்டைக் கடந்தால் முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அதாவது மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசம். புத்தளத்தில் இருக்கும் முசலிக்காரருக்கு ஊருக்கு நேர்வழி இதுதான். இல்லாவிட்டால் அநுராதபுரம், மதவாச்சி என்று ஒரு பெரிய சுற்று. போருக்குப் பிறகு இந்த வழியால் வாகனங்கள் ஓடின. தேசிய வனத்துக்குள் பொதுப்பாதை கூடாதென்று சூழலியல் அமைப்புகள் 2010இல் உயர் நீதிமன்றம் போயின. வழக்கு ஒரு பக்கம் இருக்க, ராஜாங்கனையின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் சப்பாத்தின் மேலால் தண்ணீர் பாய்ந்து வழி தானாகவே அடைபடும். பாதை திறந்தாச்சு என்பவர் ஒரு மார்கழி மழையில் இந்தப் பாலத்தடிக்கு வந்து அதைச் சொல்லட்டும்.

நடந்தது என்ன என்பதைத் தமிழில் இன்னும் மெதுவான குரலில்தான் சொல்கிறோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தார்கள். மன்னாரில் சில நாள் அவகாசம். எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளங்களில் ஏறி கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள், கடலிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. மொத்தம் சுமார் 75,000 பேர். பெரும்பங்கினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு: கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு மன்னிப்போடு கணக்கு முடிந்தது என்று நம்மில் பலர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கம் யோசித்து முடிக்கும் வரை புத்தளத்தார் காத்திருக்கவில்லை. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. தென்னந்தோட்டக்காரர்கள் காணி விட்டார்கள், கிடுகுக் குடிசைகள் எழும்பின, கிணறுகள் பொதுவாயின. தில்லையடி, ஆலங்குடா, சோல்டன், நாகவில்லு, ரத்மல்யாய என்று முகாம்களுக்குப் பெயர் விழுந்தது. இதெல்லாம் சில மாதத்துக்கு என்றுதான் வந்தவரும் நினைத்தார், வரவேற்றவரும் நினைத்தார்.

அரசும் அப்படி நினைத்தது, பிறகு அதையே கொள்கையாக்கிக்கொண்டது. கோளாறு தொடங்கியது இங்கேதான். இவர்கள் திரும்பிப் போகப் போகிறவர்கள், ஆகவே நிரந்தர வீடு கொடுத்தால் புலிகளின் வெளியேற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற நியாயம் சொல்லப்பட்டது. கேட்க அழகான நியாயம். அதைச் சொன்னவர்களில் ஒருவரும் கிடுகுக்குள் படுத்தவர் அல்லர். 2007இல்தான் உலக வங்கியின் 3.2 கோடி டொலர் கடனுதவியில் புத்தளத்து வீடமைப்புத் திட்டம் வந்தது. பிறந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்ட வயது. அந்தத் திட்டத்திலும் காணி உள்ளவருக்கே வீடு. தோட்டக்காரரின் தயவில் அடுத்தவர் காணியில் இருந்தவர், அதாவது உள்ளவர்களில் ஏழை, வாசலிலேயே நின்றார்.

இனி வாதங்களுக்கு வருவோம்.

ஊர் திறந்திருக்கிறது என்கிறார்கள். சிலாவத்துறையில் கடற்படை முகாம் இருக்கும் காணி யாருடையது? அதை விடச் சொல்லி 2018இல் மக்கள் போராடினார்கள். முள்ளிக்குளம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஊர், 2007இல் அவர்கள் எழுப்பப்பட்டார்கள். கடற்படை அங்கே தளம் அமைத்தது, சனம் பக்கத்தில் மலங்காட்டில் கொட்டில் போட்டுக்கொண்டு சொந்த ஊரின் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2017 ஏப்ரலில் பெரும் போராட்டத்துக்குப் பிறகு ஒரு பகுதியை விடச் சம்மதித்தார்கள். இந்த முள்ளிக்குளத்தாரிடம் போய் "யார் தடுத்தது" என்று கேட்கும் துணிவு நமது அரசியல்வாதிகளுக்கு இல்லை. முஸ்லிம்களிடம் மட்டும் கேட்கிறார்கள்.

காட்டுக் கதை இன்னும் சிக்கலானது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடியே கையொப்பமிட்ட வர்த்தமானி 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை மாவில்லுப் பேணற்காடாக்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாத ஊரில் காடு வளராமல் வேறென்ன வளரும்? வேலி எது, வயல் எது, மையவாடி எது என்று காட்ட வேண்டிய ஆட்கள் புத்தளத்தில் இருந்தார்கள். கோடு போட்டவர்கள் அவர்களைக் கேட்டு முடித்துவிட்டுக் கோடு போட்டிருக்கலாம்.

மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனப்பகுதி சட்டவிரோதமாகத் துப்புரவு செய்யப்பட்டது என்று தீர்ப்பளித்தது, மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் றிசாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றது. தீர்ப்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. காடு வெட்டப்பட்டது உண்மை, வெட்டியிருக்கக் கூடாது. ஆனால் 1990இல் நான்கு பேராகப் போன குடும்பம் 2012இல் நான்கு குடும்பமாகத் திரும்பும் என்பது மீள்குடியேற்ற அமைச்சுக்குத் தெரியாத இரகசியமா? அந்த மேலதிகக் குடும்பங்களுக்குக் காணி எங்கே என்று சட்டப்படி முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டியது அரசு. அது இல்லாத இடத்தில் அரசியல்வாதியின் புல்டோசர் புகுந்தது. தண்டம் அமைச்சருக்கு, பழி குடியேறியவருக்கு, பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலகங்களுக்கு ஒன்றுமில்லை.

2009க்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள், அதற்கு முந்தியவர்கள் பழையவர்கள் என்று பிரித்தார்கள். கூரைத் தகடும் பணமும் முதலில் புதியவர்களுக்கு. வன்னியில் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவர்களின் அவசரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பழையவர் என்ற முத்திரை விழுந்ததும், நீண்ட காலம் துன்பப்பட்டதே ஒருவரின் தகுதிக் குறைவாகிவிட்டது. பழகிவிட்டார்களாம்.

அடுத்தது, நிவாரணம் இவர்களைச் சோம்பேறியாக்கியது என்ற பேச்சு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உலருணவு மாதம் 1,260 ரூபாய்க்கு. விலைவாசி எத்தனை மடங்கு ஏறினாலும் அந்தத் தொகை அசையவில்லை. இதில் சோம்பேறியாக வாழ்ந்து காட்டுவதற்கே தனித் திறமை வேண்டும். கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் விடிய முன்னம் கூலிக்குப் போனவர்கள் யார் என்று தோட்டக்காரர்களைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர், மன்னாரில் வயலும் வள்ளமும் வைத்திருந்தவர், இங்கே நாட்கூலி. கூலி ஆட்கள் பெருகியதால் கூலி இறங்கியது, அதனால் லாபம் கண்ட உள்ளூர் முதலாளிகளும் உண்டு. சோம்பேறிகள் என்று பேசுகிறவர்களின் கூட்டத்தில் அவர்களும் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

உதவி கிடைத்தால் ஆள் கெட்டுவிடுவான் என்ற பயம் புத்தளத்துக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பிய நகரங்களிலும் தெருவில் படுப்பவரிடம் முதலில் குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்றுதான் சொல்லிவந்தார்கள். பின்லாந்து 2008இல் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது: முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. அங்கே வீடற்றோர் தொகை குறைந்தது. பின்லாந்தின் பணம் நம்மிடம் இல்லை என்பது தெரிந்த விஷயம். வரிசையை மாற்றப் பணம் வேண்டியதில்லை. புத்தளத்தில் நாம் முதலில் ஊர் போவாயா, மாட்டாயா என்று கேட்டோம், பதில் சொன்ன பிறகே கூரை என்றோம். ஒரு தலைமுறை அந்தக் கேள்விக்குள்ளேயே வளர்ந்து கலியாணமும் கட்டிவிட்டது.

இரண்டு கையாலும் வாங்குகிறார்கள் என்பது மூன்றாவது குற்றச்சாட்டு: மன்னாரில் ஒரு வீடு, புத்தளத்தில் ஒரு வீடு, அங்கே ஒரு பதிவு, இங்கே ஒரு பதிவு. இப்படிச் செய்தவர்கள் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இருந்தார்கள். வீட்டுத் திட்டம் எங்கே வந்தாலும் இரண்டாம் பெயரில் வரிசையில் நிற்பவர் ஒருவர் இருப்பார், அவர் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார். ஆனால் பெரும்பாலானவரை இரண்டு இடத்தில் நிற்க வைத்தது அவர்களின் பேராசையா, அரசின் பதிவேடா?

பிள்ளை படிப்பது புத்தளத்தில், வாக்கு மன்னாரில். முசலியில் பதிவை வெட்டினால் காணி உரிமை போய்விடும் என்ற பயம். புத்தளத்தில் பதியாவிட்டால் கிராம உத்தியோகத்தர் கடிதம் தரமாட்டார். 2013இல் இடம்பெயர்ந்தோருக்காக வாக்காளர் பதிவு விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவந்து, முந்திய ஊரிலேயே பதிந்துகொள்ள வழி செய்தார்கள். நல்ல நோக்கம். விளைவு என்ன? 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ் வரிசை மீது தந்திரிமலையில் விடியப்புறம் துப்பாக்கிச்சூடும் கல்வீச்சும் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு, அந்த வாக்காளர்களை ஏற்ற அரச பஸ்களுக்குப் பொதுப் பணம் செலவிட்டதாகக் குற்றஞ்சாட்டி பதியுதீனைக் கைதுசெய்தார்கள். அமைச்சர் செய்தது சரியா பிழையா என்பது ஒரு விஷயம். ஒரு வாக்குச்சீட்டுக்காக மாவட்ட எல்லைகளைத் தாண்டி இரவெல்லாம் பஸ்ஸில் போகும் நிலையில் ஒரு சனத்தை வைத்தவர் யார் என்பதல்லவா முதல் கேள்வி?

நாகவில்லில் ஒரு பாடசாலை இருக்கிறது. பெயர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மகா வித்தியாலயம். மன்னார்த் தீவின் ஊர்ப் பெயரோடு புத்தளம் மாவட்டத்தில் நடக்கும் பள்ளிக்கூடம். அதை இரட்டைப் பதிவு என்று யாராவது வெட்டச் சொல்வார்களா? இரண்டு ஊருக்கும் உரியவராக ஒருவர் இருக்க முடியும் என்பதை ஒரு பாடசாலைப் பெயர்ப்பலகை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. பதிவேடுதான் இன்னும் ஒப்பவில்லை.

நான் மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது புத்தளத்துக் குடிமகனுக்கு மட்டுமே. அவருடைய முறைப்பாடு மற்றவர்களுடையதைப் போல இல்லை, அதில் உண்மை நிறைய. பாடசாலை நெரிந்தது. ஆஸ்பத்திரி வரிசை நீண்டது. கிணற்றுத் தண்ணீர் உவரானது. காணி விலை ஏறியது, கூலி இறங்கியது. பல்கலைக்கழக அனுமதி மாவட்ட வெட்டுப்புள்ளியில் நடக்கும் நாட்டில், மாவட்டத்துக்குள் போட்டி கூடினால் உள்ளூர்ப் பிள்ளைக்கு இடிதான். நிவாரண லொறி முகாம் வாசலில் நிற்க, பக்கத்து வளவில் அதே ஓலைக் குடிசையில் இருந்த உள்ளூர் ஏழை வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வீடு சரியில்லை. ஆனால் அவரை யாரும் துரத்தவில்லை என்பதால் அவர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

இந்தக் கோபம் நியாயமானது, போய்ச் சேர்ந்த வாசல்தான் பிழை. புத்தளத்தார் கொடுத்த காணிக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கூட வாங்குக்கும் ஈடு கொடுத்திருக்க வேண்டியது அரசு. அது கொடுத்தது பாராட்டு. புத்தளத்தின் விருந்தோம்பலைப் புகழாத அமைச்சர் கிடையாது. மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் புகழ்ந்தார்கள், இறங்கியதும் நீர்த்திட்டத்தை மறந்தார்கள். ஊரார் செய்யும் உதவியை இப்படி வானளாவப் புகழ்வதில் ஒரு தந்திரம் உண்டு: புகழ்ந்தவர் தன் பங்கைக் கொடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு உள்ளூர் உதவி போதும், கருணை உள்ள சமூகம் நாம், அரசு எதற்கு என்று பெருமையாக எழுதும் நம்மவர்களும் தெரிந்தோ தெரியாமலோ இந்தத் தந்திரத்துக்குத் தோள் கொடுக்கிறார்கள்.

வண்ணாத்திவில்லுப் பிரிவில் காணி இல்லையென்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டால் எனக்கு அருவக்காடு நினைவுக்கு வரும். எலுவன்குளத்துக்கும் கரைத்தீவுக்கும் அயலில், சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த இடம். 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பை அங்கே வருமென்று தீர்மானித்தார்கள். புத்தளம் முழுக்க எதிர்த்தது, மாதக்கணக்கில் போராடியது. 2019இல் குப்பை வந்தது. 170 கிலோமீற்றர் தூரத்திலிருந்து வரும் குப்பைக்கு இடம் கண்டுபிடிக்க முடிந்த நிர்வாகத்துக்கு, தன் பிரிவிலேயே முப்பது ஆண்டுகள் இருக்கும் குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச் காணிக்கு அனுமதிப்பத்திரம் எழுத முடியாதா?

அப்படியானால் மேலிருந்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் போதுமா? அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியா அங்கே 500 வீடுகளைக் கட்டியது. எல்லா இனத்தவருக்கும் விகிதப்படி பகிர வேண்டும் என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றமும் அப்படியே சொல்லி, வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் பற்றைக்குள் கிடந்தன. அங்கே வீடு இருந்தது, ஏற்பதற்கு ஊர் இல்லை. புத்தளத்தில் ஏற்பதற்கு ஊர் இருந்தது, வீடு இல்லை. பணமும் சட்டமும் மேலிருந்து வர வேண்டும், யாருக்கு எங்கே என்பது அயலாரோடு பேசித் தீர வேண்டும். உலக வங்கித் திட்டம் பல இடங்களில் உள்ளூர் ஏழைக் குடும்பங்களையும் பட்டியலில் சேர்த்தது, அந்த ஒரு காரியத்துக்காக அதை நான் பாராட்டுவேன். வேலியால் எட்டிப் பார்த்தவர் உள்ளே கூப்பிடப்பட்டார். இரண்டு பக்கத்துப் பகையில் பாதியை அது தணித்திருக்கும், பதினேழு ஆண்டு முந்தி வந்திருந்தால்.

கலா ஓயா பெருகும் நாட்களில் எலுவன்குளத்திலும் கங்கேவாடியிலும் தண்ணீர் ஏறும்போது பாடசாலையைத் திறப்பதற்கு முன் யாரும் உன் வாக்கு எந்த மாவட்டத்தில் என்று கேட்பதில்லை. நீ எப்போது போவாய் என்றும் கேட்பதில்லை, தண்ணீர் வடிந்தால் அவர் தானாகப் போவார் என்று தெரியும். முசலிக்காரரும் அப்படித்தான் போனார்கள். காணி கிடைத்தவர் போனார், கிணறு தூர்ந்து கிடந்ததைத் தோண்டினார். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவியைப் புத்தளத்தில் விட்டு வயலுக்கு மட்டும் போய்வருகிறவர் இருக்கிறார். போக மனமில்லாதவரும் இருக்கிறார். புத்தளத்திலேயே பிறந்து, இங்கேயே பெண் எடுத்து, வாப்பாவின் ஊரை விடுமுறைக்கு மட்டும் பார்த்தவரை எந்த நியாயத்தில் "திரும்பிப் போ" என்பது? அவர் எங்கிருந்து வந்தார், திரும்புவதற்கு?

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இலேயே இந்த மக்களுக்கு ஒரு சீரான கொள்கை வேண்டும், வரவேற்ற சமூகத்தையும் சேர்த்துக்கொண்டு அது வகுக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவும் தன் அறிக்கையை வெளியிட்டது. பேராதனையின் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தானும் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவர், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இழப்புகளைக் கணக்கெடுத்து எழுதிவந்தார், 2018இல் காலமாகும் வரை. கடைசியாக 2016 ஓகஸ்டில் அமைச்சரவை மோதலால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கையை ஏற்றது. ஊர் திரும்புவது, இருக்கும் இடத்திலேயே நிலைப்பது, மூன்றாவதோர் இடத்தில் குடியேறுவது: மூன்றில் எதையும் ஒருவர் தன் விருப்பப்படி தெரியலாம் என்பது அதன் அடிப்படை. மீள்குடியேற்றம் ஒன்றே தீர்வு என்று இன்றைக்கும் சொல்லும் அதிகாரி தன் அரசின் கொள்கையையே மறுத்துப் பேசுகிறார்.

ஆகவே அடுத்த முறை பிரதேச செயலக வரிசையில் அந்தக் கேள்வி எழும்போது, கேட்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், 2016ஆம் ஆண்டுக் கொள்கையின்படி இந்தப் பிரிவில் இங்கேயே நிலைப்பதாகச் சொன்னவர்களுக்கு எத்தனை காணி அனுமதிப்பத்திரம் எழுதினீர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்களுக்கு எத்தனை கிணறு, எத்தனை வகுப்பறை கொடுத்தீர்கள் என்று இரண்டு பேருமாக எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதே 2016இல்தான் வந்தது.